எஞ்சின் பலகையில் ஏழு ஓட்டை

பிள்ளைகளா, உங்கள் தாய்மாமன் இரண்டு வருஷம் நம் வீட்டு வாசற்படியை மிதிக்காமல் இருந்ததற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சொத்துத் தகராறு என்று ஒருத்தர் சொல்லியிருப்பார். சொத்து! உங்கள் அம்மா பிறந்த வீட்டில் சொத்து என்று இருந்தது ஒரு தையல் மெஷின். அதையும் அவளுக்கே கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கல்யாணத்தில் மரியாதை குறைந்துவிட்டது என்று இன்னொருத்தர் சொல்லியிருப்பார். எல்லாம் பொய். காரணம் நான்தான். என் வாயும், நான் அடித்த ஏழு ஆணியும்.

மூத்தவளே, அதில் நஷ்டம் உனக்கு. தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்துவது நம்மிடம் கிடையாது. உன் அம்மாவுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தம்பி. மூன்று வயசில் குத்துவதாக இருந்தோம். அவர் வராததால் ஐந்து வயசு வரை உனக்கு மூளிக்காது. பேன் தொல்லைக்கு முடியையும் ஒட்ட வெட்டியிருந்தோம். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் டீச்சர் உன்னைப் பையன்கள் வரிசையில் நிறுத்திவிட்டார். அன்றைக்கு உங்கள் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழம்பில் மட்டும் உப்பில்லை.

நம் பழைய பைபர் படகு உங்கள் மாமன் செய்தது. அரியாங்குப்பத்தில் அவருக்குக் கொட்டகை இருந்தது. படகின் பின்பக்கம் எஞ்சினைக் கவ்வி மாட்டுகிற இடத்தை எஞ்சின் பலகை என்போம். பார்த்தால் எல்லாம் பைபராகத்தான் தெரியும். உள்ளே இரண்டு பிளைவுட் பலகையைச் சேர்த்து ஒட்டி, முன்னும் பின்னும் பைபர் போர்த்தியிருக்கும். பஜ்ஜிக்குள் வாழைக்காய் மாதிரி. மேல்மாவுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே தண்ணீர் போனால் வாழைக்காய் ஊறிப்போகும்.

இனி ஆணிக்கு வருகிறேன். நம் வைத்திக்குப்பத்தில் ஆயுத பூசை அன்று எல்லாப் படகுக்கும் பூ, பொட்டு, பூசணிக்காய், எலுமிச்சம்பழத்தில் மிளகாய் கோத்த திருஷ்டிக் கயிறு எல்லாம் உண்டு. கயிற்றை எல்லோரும் முன்பக்கம்தான் கட்டினார்கள். நான்தான் உட்கார்ந்து யோசித்தேன். படகு கடலுக்குப் போகும்போது கரையில் நிற்கிறவன் பார்ப்பது எதை? பின்பக்கத்தை. அப்படியானால் கண்ணேறு எங்கே விழும்? பின்பக்கத்தில். அங்கேதான் புது எஞ்சின் வேறு பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. முன்னால் எலுமிச்சை கட்டுவது, வீட்டுக்குப் பின்வாசலைத் திறந்துபோட்டு முன்வாசலில் பூட்டுப் போடுவது மாதிரி இல்லையா?

எட்டாம் வகுப்பு வரை படித்தவனுக்கு இவ்வளவு மூளையா என்று எனக்கே ஆச்சரியம். எஞ்சினுக்குக் கீழே, படகின் உள்பக்கமாக, எஞ்சின் பலகையில் ஓர் ஆணி அடித்துக் கயிற்றைத் தொங்கவிட்டேன். பக்கத்துப் படகுக்காரர் வந்து பார்த்தார். "அட, ஆமாம்ப்பா! இத்தனி வருசமா எவனுக்கும் தோணலயே!" என்றார். மறுநாள் அவர் படகிலும் ஆணி. அடுத்த வருஷம் நாலு படகில்.

அடுத்த வருஷம் அதே ஆணியில் கட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போன வருஷத்துக் கண்ணையெல்லாம் வாங்கிக்கொண்ட ஆணி அது, அதில் போய்ப் புதுக் கயிறு கட்டுவதா? பழையதைப் பிடுங்கித் தலையைச் சுற்றிக் கடலில் எறிந்துவிட்டு, இரண்டு விரல் தள்ளிப் புது ஆணி அடிப்பேன். ஓட்டையின்மேல் ஒரு கோட்டு பெயிண்டு. பெயிண்டு காய்ந்தால் ஓட்டை தெரியாது. தெரியாதது இல்லாததுதானே?

பிறகு சுனாமி வந்தது. நம் கரையில் படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நொறுங்கிக் கிடந்தன. நம்முடையது மட்டும் ரோட்டோரம் ஒரு கீறல் இல்லாமல் போய் உட்கார்ந்திருந்தது. "உன் படகுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலயா?" என்று கேட்காத ஆள் இல்லை. உடைந்த படகுக்கெல்லாம் பிறகு நிவாரணத்தில் புதுப் படகு வந்தது, நமக்கு வந்தது இந்தக் கேள்வி மட்டும்தான். அத்தனை கண்ணும் நம்மேல் என்று பயந்து, அந்த வருஷம் ஆயுத பூசைக்குக் காத்திருக்காமல் இடையிலேயே ஓர் ஆணி. அதையும் சேர்த்து மொத்தம் ஏழு.

ஏழாவது ஆணி அடித்த அடுத்த வருஷம், எஞ்சின் பலகையில் பெயிண்டு கொப்பளம் கொப்பளமாக எழும்பியது. கத்தியால் ஒன்றைக் குத்தினேன். டீத்தண்ணி நிறத்தில் வடிந்தது. கத்தி நுனியை மூக்கில் வைத்துப் பார்த்தேன், அழுகல் நாற்றம். ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் போதும். எதற்கெதற்கோ உட்கார்ந்து யோசித்தவன் அன்றைக்கு யோசிக்கவில்லை. கரை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"பாத்தீங்களாப்பா! அக்கா வூட்டுக்கே பெட்டிக்கட பலகைய வெச்சுப் படகு செஞ்சு குடுத்துட்டான்! சொந்த அக்கா வூட்டுக்கு!"

சேதி ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பம் போக அரை நாள் ஆகவில்லை. சாயங்காலமே உங்கள் மாமன் ஓடிவந்தார். "மாமா, இன்னா ஆச்சு? நான் பாக்கறேன் வுடு" என்று பலகையில் கையை வைத்தார்.

"தொடாத" என்றேன். சுற்றி முப்பது பேர் நின்றார்கள். முப்பது பேர் நிற்கும்போது எனக்கு எப்போதுமே நாக்கு நீளம். "நீ தொட்டதே போதும். இன்னும் எத்தினி பேர ஏமாத்தப்போற?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். "சரிங்க" என்றார். அதுவரை என்னை நீ, வா, போ என்று பேசிக்கொண்டிருந்த மச்சான். அவ்வளவுதான், போய்விட்டார். வீராம்பட்டினத்தில் அவரிடம் படகுக்குச் சொல்லிவைத்திருந்த இரண்டு பேர் வேறு கொட்டகைக்குப் போய்விட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு நான் வருத்தப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அன்றைக்கு, நாம் சொன்னதற்கு ஊரில் எவ்வளவு மதிப்பு பார் என்றுதான் நினைத்தேன்.

வெல்டரைக் கூப்பிட்டுப் பலகைக்கு இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட்டு போட்டு முறுக்கினேன். முறுக்க முறுக்கப் பலகையிலிருந்து தண்ணீர் வந்தது, துணி பிழிகிற மாதிரி. இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன். திருஷ்டிக் கயிறு போல்ட்டுக்கு மாறியது.

ஒரு நாள் கரைக்குத் திரும்பி வரும்போது எஞ்சின் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டத் தொடங்கியது. பார்த்தால், தகட்டோடு சேர்ந்து போல்ட்டு உள்ளே புதைகிறது. கூட வந்த இரண்டு பேரும் எஞ்சினைக் குழந்தை மாதிரிக் கட்டிப்பிடித்துக்கொள்ள, நான் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தேன்.

கரையில் வைத்தியர்களுக்கா பஞ்சம்? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் தினமும் காலையில் நம் கரைக்கு நடக்க வருவார். படகில் ஒரு நாளும் ஏறாதவர். "மோன் தியே! இது ஃபினி, முடிஞ்சுபோச்சு. பிரான்ஸுல இப்படி ஆச்சுன்னா கொளுத்திடுவான்" என்றார். பக்கத்துப் படகுக்காரர், சிமெண்டு கரைத்து ஊற்றினால் நிற்கும் என்றார். சிமெண்டு! படகையே கரையில் நங்கூரமாகப் போட்டுவிடலாம்.

உங்கள் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "வெல்டரு பாத்தாச்சு, சொல்தா பாத்தாச்சு. செஞ்சவன் ஒருத்தன்தான் இன்னும் பாக்கல. போய்க் கூப்டு."

"நானா?"

"கால்ல வுழ வேணாம். வாயத் தொறந்து கூப்டு. அன்னிக்கு நல்லாத்தான தொறந்துச்சு?"

போனேன். கொட்டகையில் படகு அச்சு குப்புறக் கிடந்தது, அதன்மேல் கோழி உட்கார்ந்திருந்தது. உங்கள் மாமன் பைபரில் கக்கூஸ் கதவு செய்துகொண்டிருந்தார். சுவரோரமாகப் பத்துப் பதினைந்து கதவுகள், எல்லாம் பச்சை. படகு செய்கிற கை. அவர் நிமிர்ந்து பார்த்து, "வாங்க. உக்காருங்க" என்றார். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன்.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அக்காவுக்காக வரேன்" என்றார். "படகத் தொடுவேன். வூட்டுக்கு வரமாட்டேன். சோறு தண்ணி எதுவும் எனக்கு வாணாம்."

சொன்னபடியே வந்தார். கிரைண்டருக்குக் கரண்டு மட்டும் நம் வீட்டிலிருந்து எடுத்தார், மற்றதெல்லாம் அவருடையது. தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸும் கூட. நம் வாசலுக்கு இருபதடி தள்ளி மணலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார். உங்கள் அம்மா டீ கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். அவர் திரும்பவில்லை. ஆறிப்போகிறதே என்று சொல்தா எடுத்துக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்றார்.

எஞ்சினை இறக்கித் தகட்டைக் கழற்றி, உள்பக்கப் பைபரை மட்டும் கிரைண்டரால் சுற்றிலும் அறுத்தார். பைபர் தூள் பறந்து எல்லாருக்கும் உடம்பு அரித்தது. ஆனாலும் ஒருத்தரும் நகரவில்லை. மச்சானும் மாமனும் அடித்துக்கொள்ளப்போவதை அரிப்புக்காக விட்டுவிட முடியுமா? அறுத்த தோலை ஒரே துண்டாக உரித்து, அதோடு ஒட்டிவந்த பலகையையும் சேர்த்து மணலில் போட்டார். நடுவில் பலகை ஊறின பிண்ணாக்கு மாதிரிக் கையோடு வந்தது. ஆனால் இரண்டு ஓரத்திலும் பலகை பலகையாகவே இருந்தது. உளியால் தட்டினார். டங் டங் என்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பெட்டிக்கடைப் பலகை அப்படிச் சத்தம் போடாது.

பிறகு துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவினார். மணலில் கிடந்த துண்டில் பெயிண்டைச் சுரண்டி ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து ஒரு குச்சியைச் செருகினார். இரண்டு விரல் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஏழு குச்சி வரிசையாக நின்றன. துண்டைத் திருப்பியதும், பலகையில் அழுகல் எங்கே தொடங்கியது என்று நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு குச்சியின் காலடியிலிருந்தும் ஒரு கறுப்பு நாக்கு கீழே தொங்கியது. ஏழு நாக்கும் கீழே போய் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

"எண்ணிக்கோங்க" என்றார்.

எண்ண வேண்டிய தேவை எனக்கு இல்லை. அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. படகைக் கொடுத்த அன்றே அவர் சொல்லியிருந்தார். "பின் பலகையில எதுனா ஓட்ட போடறதா இருந்தா என்னக் கூப்புடு மாமா. உள்ள ரெசின் பச வுட்டு அடச்சுத் தரேன்." எனக்குத் தெரியாதா என்று சொல்லி அவர் முதுகில் தட்டினேன். என்ன தெரியும் எனக்கு?

கூட்டம் எட்டிப்பார்த்தது. பக்கத்துப் படகுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கண்ணுப்பா. ஏழு கண்ணு! கரெக்டா ஆணி அடிச்ச எடத்துலயே வந்து எறங்கியிருக்கு பாரு. ஆணி புடிச்சு நிறுத்தியிருக்கு. இல்லனா எஞ்சினு போயிருக்கும், ஆளும் போயிருக்கும்."

"ஆமா, ஆமா" என்றது கூட்டம். சொல்தா கூட "வுய், வுய்" என்றார்.

பிள்ளைகளா, அங்கே எனக்கு ஒரு வழி திறந்தது. கண்ணேறு என்று நானும் தலையாட்டியிருந்தால் போதும். மச்சான் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை, எவனோ கண்ணு வைத்தான் என்று முடிந்திருக்கும். உண்மையைச் சொல்கிறேன், பாதி தலை ஆட்டிவிட்டேன். அப்போது பின்னாலிருந்து உங்கள் அம்மா குரல்.

"இன்னாய்யா, நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

சொன்னேன். "இந்த ஓட்ட ஏழும் நான் போட்டது. அதுலதான் தண்ணி எறங்கியிருக்கு. பலக நல்ல பலக. மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் வாய்க்கு வந்தத பேசிட்டேன்."

பக்கத்துப் படகுக்காரர் என் தோளில் கையைப் போட்டார். கண் கலங்கியிருந்தது. "நல்ல மனசுப்பா உனக்கு. அவன் செஞ்ச தப்ப உன் தலமேல போட்டுக்கற பாரு. இப்படி ஒரு மாமன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்."

"அய்யோ, நான் நெஜமாத்தான் சொல்றேன்!"

"சொல்லுப்பா, சொல்லு. எங்களுக்குப் புரியாதா?"

கலைந்து போனார்கள். போகும்போது இரண்டு பேர் உங்கள் மாமனை முறைத்துவிட்டுப் போனார்கள். முன்னே நான் ஒரு கத்திக் குத்தோடு ஆதாரம் இல்லாமல் கத்தியதை ஊரே நம்பியது. இன்றைக்குப் பலகையும் குச்சியும் வைத்துச் சொல்கிறேன், ஒருத்தன் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வருஷ ஆயுத பூசைக்குப் பக்கத்துப் படகுக்காரர் தன் எஞ்சின் பலகையில் இரண்டு ஆணி அடித்தார், ஒன்று நிற்காது என்று.

உங்கள் மாமன் அழுகலைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு இங்க சொன்னது வீராம்பட்டினம் வரைக்கும் போச்சு. இன்னிக்குச் சொன்னது இந்த எடத்த வுட்டே நகரல."

சுரண்டிய இடம் காய மூன்று நாள் வேண்டும். அந்த மூன்று நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அந்த அழுகல் துண்டைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வீராம்பட்டினம் போனது. அவரிடம் படகுக்குச் சொல்லிவிட்டு விலகிய இருவரையும் தேடிப்போனேன். முதல் ஆள் கேரியரைப் பார்த்து, "இன்னா, வெறவா?" என்றார். எல்லாம் சொல்லி முடித்ததும் சிரித்தார். "மச்சானோட ராசியாயிட்டீங்களா? நல்லது, நல்லது. பொண்டாட்டி சொல்லி அனுப்பிச்சாளா?" அனுப்பவில்லை என்று நான் சொன்னதையும் நம்பவில்லை.

இரண்டாவது ஆள் வலை பின்னிக்கொண்டிருந்தார். துண்டை வாங்கி ஒவ்வோர் ஓட்டையிலும் குச்சி விட்டுப் பார்த்தார். ஓரத்துப் பலகையைக் கத்தியால் கீறிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "யோவ், நீ எவ்ளோ பெரிய முட்டாளு!" என்றார்.

அந்த மூன்று நாளில் என்னை நம்பிய ஒரே மனுஷன் அவர்தான். அவர் திட்டத் திட்ட எனக்கு அப்படி ஓர் ஆறுதல். இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாரா என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நாலாம் நாள் உங்கள் மாமன் புதுப் பலகை இரண்டை வெட்டி, ஓரமெல்லாம் ரெசின் குடிக்கவிட்டு, ஒட்டி, கவ்வி போட்டு இறுக்கினார். மறுநாள் மேலே பைபர் இழைப் பாயை விரித்து ரெசின் பூசினார். போல்ட்டு ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து, ரெசின் ஊற்றி அடைத்து, காய்ந்ததும் அதன் நடுவில் மறுபடி துளைத்தார். ஓர் ஓட்டை போட இவ்வளவு வேலை. நான் ஏழையும் ஒவ்வோர் அடியில் போட்டேன்.

அன்று காலையில் வீராம்பட்டினத்து வலைக்காரர் கரைக்கு வந்து உங்கள் மாமனைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ பேசிவிட்டுப் போனார். எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மத்தியானம் வேலை முடிந்தது. அவர் தின்னர் போட்டுக் கையைக் கழுவினார், சோப்புப் போட்டு மறுபடி கழுவினார். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. நேராக நடந்து வந்து நம் வீட்டுப் படியில் ஏறினார்.

"அக்கா, இன்னா கொழம்பு?"

உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. "சங்கரா மீனு" என்றாள் உங்கள் அம்மா.

தட்டை எடுத்தவள் அதை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கொல்லையில் போய் இலை அறுத்து வந்தாள். இரண்டு இலை போட்டாள். அவரும் நானும் பக்கம் பக்கமாகச் சாப்பிட்டோம். இரண்டாம் முறை சோறு போடும்போது அவர் உன்னைப் பிடித்து மடியில் இழுத்துக்கொண்டு காதைத் திருகினார், மூத்தவளே. "இவ காத எப்பத்தான் குத்தறதா இருக்க? பத்தர்கிட்ட நான் பேசிக்கறேன் மாமா, நீ வாயத் தொறக்காத, அது போதும்."

சாப்பிட்டு முடித்து அவர் கிளம்பியதும் உங்கள் அம்மா ரோடு வரை கூடப் போனாள். நீங்களும் அவர் பின்னாலேயே ஓடினீர்கள். வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

கல்யாணமான நாள் முதல் என் எச்சில் இலையைக் கூட நான் எடுத்தது கிடையாது. மச்சான் சாப்பிட்ட இலையை மாமன்காரன் எடுப்பது என்பது எங்கள் பக்கம் கேள்விப்படாத விஷயம். வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். பிறகு அவர் இலைமுன் குந்தி, ஓரத்தில் ஒதுக்கியிருந்த முள்ளையெல்லாம் நடுவில் சேர்த்து, இலையை மடித்துக் கையில் எடுத்தேன். கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ப் போட்டேன். திரும்பி வந்து, ஈரத்துணியால் அவர் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தைத் துடைத்தேன்.